கடின நீரில் சோப்பு திரிந்துபோகிறது, சலவைத்தூள் மட்டும் எப்படி நுரைக்கிறது?

இரண்டிலும் வேலை செய்வது எதிர்மின் பரப்பு இயங்கிகள்தான், அதாவது அழுக்கை நீரோடு சேர்த்து அகற்றும் மூலக்கூறுகள். எண்ணெயைப் பற்றும் நீண்ட கார்பன் வால், நீரை நாடும் எதிர்மின் தலை. வித்தியாசம் தலையில் இருக்கிறது. சோப்பின் கார்பாக்சிலேட் தலை, நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். சலவைத்தூளில் பெரும்பாலும் இருப்பது நேர்ச்சங்கிலி ஆல்கைல்பென்சீன் சல்போனேட். அந்த சல்போனேட் தலை கால்சியத்திடம் அவ்வளவு எளிதில் சிக்காது. பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. கால்சியத்தைப் பிடித்துவைக்க சியோலைட் என்ற கனிமம் போன்றவற்றையும் தூளில் கலக்கிறார்கள்.

அப்புறம் வாலின் வடிவம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 1960-களுக்கு முன் கிளைத்த வால் கொண்டவையே பரவலாகப் பயன்பட்டன. நுண்ணுயிரிகளால் அவற்றை எளிதில் சிதைக்க முடியவில்லை, ஆறுகளில் நுரை மிதந்தது. இன்றைய 10 முதல் 13 கார்பன் நேர் வாலை நுண்ணுயிரிகள் சிதைத்துவிடும், நீரில் ஆக்சிஜன் இருந்தால்.