அவர் சத்தமாகக் கதைத்தால் எனக்கு ஏன் கை நடுங்குகிறது?

சிறுவயதில் காயப்பட்ட பெண்களின் குடும்ப வாழ்வு பற்றிக் கொழும்புப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு உளவளத்துணையாளர் ஒருவர் தரும் பதில்கள்.

வெள்ளவத்தை: கலியாணமாகி மூன்று வருடம். அவர் என்னை அடித்ததே இல்லை. ஆனால் போனில் யாரோடாவது உரத்துக் கதைத்தாலே எனக்குக் கை நடுங்கும். அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பவர். இவரோடு வாழ எனக்குத் தகுதி இல்லையோ?

தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தங்கச்சி. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணித்த பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அந்தக் கூர்மைதான் அன்று உங்களைக் காப்பாற்றியது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, பழைய சத்தத்தைப் போல ஒன்று கேட்டதும் நீங்கள் யோசிக்க முன்னரே உடம்பை உசுப்பிவிடுகிறது. எதிரே நிற்பவர் அப்பா இல்லை என்பது அதற்குப் பிந்தித்தான் விளங்கும்.

அதனால் சிகிச்சையில் எடுத்தவுடன் பழைய கதையைக் கிளறமாட்டோம். நடுக்கம் தொடங்கும்போது பாதத்தை நிலத்தில் அழுத்துவது, மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடுவது, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்வது என்று உடம்பை இன்றைய நாளுக்குக் கூட்டி வரப் பழக்குவோம். அது கைவந்த பிறகுதான் நினைவுகளைத் தொடுவோம்.

கொட்டாஞ்சேனை: நடந்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? எனக்கு வாயே வராது.

வேண்டாம். ஈ.எம்.டி.ஆர். என்ற முறையை 1987இல் அமெரிக்காவின் பிரான்சின் ஷப்பீரோ தொடக்கினார். நினைவை மனதில் வைத்துக்கொண்டு, இடமும் வலமும் அசையும் சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். விவரம் முழுவதையும் வாயால் சொல்லத் தேவையில்லை. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையின் அதிர்ச்சியை மையப்படுத்திய வடிவத்தோடு சேர்த்து, இதையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. பல வருடம் தொடர்ந்த காயம் என்றால் நாலைந்து சந்திப்பில் முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடையில் மனம் விட்டுப் போகக்கூடாது.

தெஹிவளை: சின்ன வயதில் என் மனைவிக்கு உறவினர் ஒருவரால் கொடுமை நடந்திருக்கிறது. நான் நெருங்கினால் விலகுகிறா. நான் என்ன பிழை விட்டேன்?

நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை, தம்பி. ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தொட முன்னர் கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று நடந்ததைத் துருவிக் கேட்காதீர்கள். அவ விலக, நீங்கள் ஏன் ஏன் என்று கேட்க, அவ இன்னும் விலக, நீங்கள் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்க, இப்படி ஒரு சுழல் உங்கள் வீட்டிலும் ஓடும் என்று நினைக்கிறேன். 1980களில் சூ ஜோன்சனும் லெஸ் கிரீன்பெர்க்கும் உருவாக்கிய, உணர்வை மையப்படுத்திய தம்பதியர் சிகிச்சை இந்தச் சுழலைத்தான் பிடிக்கும். அவவின் பயத்தையும் உங்கள் தவிப்பையும் இருவரும் நேருக்கு நேர் கேட்க வைக்கும். அவவுக்குத் தனியாகவும் சிகிச்சை வேண்டும்.

மட்டக்குளி: அவர் அடிக்கிறார். உளவளத்துணைக்குப் போனால் எனக்குப் பொறுமை வரும் என்று மாமி சொல்றா.

அடியைப் பொறுக்கப் பழக்குவது சிகிச்சை இல்லை, அம்மா. உங்கள் பயம் பழைய காயம் மட்டும் இல்லை, இன்றைய ஆபத்து. அடி நடக்கும்வரை தம்பதியராகச் சேர்ந்து சிகிச்சைக்கு உட்காரவும் வேண்டாம். 1938 என்பது இலங்கையில் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

பம்பலப்பிட்டி: எங்கே போவது?

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் காசு கட்டத் தேவையில்லை. போனதும், அதிர்ச்சிக்குச் சிகிச்சை செய்யப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தமிழில் கதைக்கக்கூடியவர் வேண்டும் என்றும் கேளுங்கள். மொழிபெயர்க்க என்று மச்சாளையோ மாமியையோ அறைக்குள் கூட்டிப் போக வேண்டாம்.