வேலை போன பிறகு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது மாதக்கணக்கில் அலைந்தேன். அப்போதிலிருந்து வேலை இழந்தவர்களுக்கு மனு எழுத உதவி செய்து வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

ஒரகடம்: அக்கா, வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. கம்பெனியில் விலகிய தேதியைப் போடவே இல்லை. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பணம் எடுக்க முடியவில்லை.

அவர்களுக்காகக் காத்திருக்காதீர்கள் தம்பி. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டால் தேதியை நீங்களே போடலாம். யூஏஎன் என்பது உங்கள் பிஎஃப் எண். அதை வைத்து நுழையும் தளத்தில் ‘மேனேஜ்’, அதற்குள் ‘மார்க் எக்ஸிட்’. ஆதாரோடு இணைத்த செல்லுக்கு ஓடிபி வரும். கடைசி சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள், தப்பாகப் போட்டால் திருத்துவது பெரும்பாடு.

அதற்கு முன் ஆதாரிலும் பிஎஃப்பிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியலால்தான் பாதிச் சிக்கல். எனக்கு ஆதாரில் ஓர் எழுத்து, பிஎஃப்பில் அப்பா பெயர் முழுசாக. அதைச் சரிசெய்யவே 40 நாள் போயிற்று.

சர்வீஸ் 5 ஆண்டுக்குக் குறைவாக இருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பான் எண் இணைத்திருந்தால் 10 விழுக்காடு, இல்லாவிட்டால் இன்னும் அதிகம். சீக்கிரம் வேறு வேலை கிடைக்கும் போலிருந்தால் பிஎஃப்பில் உள்ள பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். சர்வீஸ் 10 ஆண்டு சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன்.

ஆம்பூர்: ஷூ கம்பெனியில் சம்பளத்திலிருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்கள். வேலை போனால் அதில் ஏதும் வருமா?

வரும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று 2018இல் தொடங்கிய திட்டம். சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளைக்கு, வாழ்நாளில் ஒருமுறை. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. அவ்வப்போது நீட்டித்து நடத்தும் திட்டம் என்பதால் நாள் கடத்தாமல் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

மன்னார்குடி: பி.ஏ. முடித்து எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்து ஆறு வருடம். உதவித்தொகை உண்டா?

பதிவை விடாமல் புதுப்பித்து 5 ஆண்டு முடிந்திருந்தால் உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள், வயது 40க்குள் இருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45. மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டுப் பதிவே போதும். தொகை சின்னதுதான், ஆனாலும் பரீட்சைக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு ஆகும். விடாதீர்கள்.

வண்ணாரப்பேட்டை: வேலை போனது வீட்டில் தெரியாது. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி பார்க்கில் உட்கார்ந்திருக்கிறேன். மீட்டர் வட்டிக்கு 20,000 வாங்கலாமா?

வேண்டாம் தம்பி, மீட்டர் வட்டியும் கந்துவட்டிதான். கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் வந்தும் அதில் சிக்கிய குடும்பங்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

முதலில் வீட்டில் சொல்லுங்கள். நானும் இருபது நாள் மறைத்தேன், அந்த இருபது நாள்தான் வேலை போனதைவிட வலித்தது. உங்கள் மனைவி மகளிர் குழுவில் இருந்தால் குழுவின் சேமிப்பிலிருந்து குறைந்த வட்டிக்கு உள்கடன் வாங்கலாம். அதை அவர்தான் கேட்க முடியும். நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள். பிள்ளைகளின் பள்ளியில் தலைமை ஆசிரியரைப் பார்த்து, கட்டணத்தைத் தவணையாகக் கட்ட எழுதிக் கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்கிறார்கள். வேலை தேடி அலையும் நாளில் பட்டினி கிடக்காதீர்கள். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்.

வீட்டில் சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். சம்பளச் சீட்டையும் யூஏஎன் எண்ணையும் எடுத்து வையுங்கள், மனுவைச் சேர்ந்தே போடுவோம்.