முகமூடிக்குள் இருந்து பார்க்கும் வழி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வணக்கம் சார். தலை முழுவதையும் மூடுகிற ஆந்தை முகமூடி ஒன்றை லேடெக்ஸில் செய்திருக்கிறேன். ஆந்தையின் கண்ணாடிக் கண்கள், போடுபவரின் நெற்றி உயரத்தில் இருக்கும். அவர் பார்ப்பது அலகுக்கு மேலே இறகு வரிகளுக்கு நடுவில் வைத்த வலை வழியாக. வெளியே இருப்பவர்களுக்கு வலை இருப்பதே தெரியாது. உள்ளே ஒரு தலைப்பட்டை உண்டு, வலை அதோடுதான் இணைந்திருக்கிறது. அதனால் தலையைத் திருப்பினாலும் வலை கண்ணை விட்டு விலகாது. முகத்தைக் களிமண்ணில் வடித்துக் கொடுத்தவர் என் நண்பர். நான்கு மாதம் முன்பு, முகமூடியோடு ஊசியில் நூல் கோர்ப்பதை வீடியோ எடுத்துப் பொதுவில் போட்டேன். எப்படித் தெரிகிறது என்று கேட்டவருக்கு, "உள்பக்கம் கறுப்பு அடித்த வலை" என்று பதிலும் எழுதினேன். பிறகு நாடகத்தில் போட ஒருவருக்கு இரண்டு நாள் கொடுத்தேன். போன மாதம் ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனம் மாதிரி கேட்டது, அனுப்பினேன். இப்போது, "ஆந்தை வேண்டாம், எங்கள் சிங்க முகத்தில் உங்கள் முறையைப் போட்டுக்கொள்கிறோம், குழந்தைகள் அளவிலும் வரும்" என்கிறார்கள். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒப்பந்தமும் இல்லை. பார்சலில் மட்டும், "மாதிரிக்கு மட்டும், வெளியாருக்குக் காட்ட வேண்டாம்" என்று கையால் எழுதி வைத்தேன், அதைப் படமும் எடுத்திருக்கிறேன். என் முகமூடியைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: "என் முகமூடி" என்று ஒன்றாகச் சொல்கிறீர்கள். சட்டத்தின் கணக்கில் அது இரண்டு. ஒன்று ஆந்தை முகம், அதற்குப் பதிப்புரிமையும், தோற்றத்தைக் காக்கும் வடிவமைப்புப் பதிவும். இன்னொன்று உள்ளிருந்து பார்க்கும் ஏற்பாடு, அதற்குப் பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை. நிறுவனத்துக்கு உங்கள் ஆந்தை தேவையே இல்லை. ஆந்தை முகத்தின் மீது எத்தனை உரிமை வைத்திருந்தாலும் அதைக் காட்டிச் சிங்க முகமூடியை நிறுத்த முடியாது. ஆகவே உங்கள் கவனம் போக வேண்டிய இடம் முகமூடியின் உள்பக்கம்.

அங்கேயும் எது புதிது என்று கறாராகப் பார்க்க வேண்டும். வலை புதிதல்ல. வெளிப்புறம் வண்ணம் பூசிய வலை தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே இருட்டு, கறுப்புப் பூச்சு. அதனால் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிகிறது, வெளியே இருப்பவருக்கு வண்ணம் மட்டும் தெரிகிறது. மேடை நாடகத்தின் சல்லாத் திரையும், பேருந்து ஜன்னலில் ஒட்டும் துளையிட்ட விளம்பரப் படலமும் இதே வேலையைத்தான் செய்கின்றன. விளையாட்டு அணிகளின் உருவப் பொம்மைக்குள் இருப்பவர்கள் வாய் வலை வழியாகப் பார்ப்பதும் வெகுகாலப் பழக்கம். "வலை வழியாகப் பார்க்கும் முகமூடி" என்று விண்ணப்பித்தால் பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகர் அன்றே திருப்பி அனுப்புவார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தலைப்பட்டை. முழுத்தலை முகமூடி போட்டவர்களுக்குத் தெரியும், தலை திரும்பும், முகமூடி அரை நொடி கழித்துத்தான் திரும்பும். அதற்குள் துளை கண்ணை விட்டுப் போய்விடும். கணக்கைப் பாருங்கள். 10 மி.மீ. துளை கண்ணிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால் சுமார் 37 பாகை அகலத்துக்குத் தெரியும். அதே துளை 50 மி.மீ. தள்ளிப் போனால் 11 பாகைதான். பார்வைச் சாளரத்தை வெளி ஓட்டிலிருந்து பிரித்து, தலையோடு கட்டி, கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினைக்குத் தொழில்நுட்பத் தீர்வு. பேட்டன்ட் கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதியை, இதைச் சுற்றி எழுதும்படி உங்கள் பேட்டன்ட் முகவரிடம் சொல்லுங்கள். பட்டை எங்கே தாங்குகிறது, வலை எதில் மாட்டியிருக்கிறது, வெளி ஓடு அதிலிருந்து எப்படி விலகி அசைகிறது, எல்லாம் படத்தோடு, அளவோடு வேண்டும். ஆந்தை என்ற சொல் கோரிக்கையில் வரவே கூடாது. வந்தால் சிங்கம் தப்பிவிடும்.

சரி, நீங்கள் ஏற்கனவே வெளியிட்டதற்கு வருவோம். ஒரு கண்டுபிடிப்பு விண்ணப்ப நாளுக்கு முன் பொதுவில் வந்திருந்தால் அது புதிதல்ல என்பதுதான் அடிப்படை விதி. ஆனால் வந்தது எது என்று பார்க்க வேண்டும். வீடியோ, முகமூடி போட்டுக்கொண்டு ஊசி கோர்க்க முடியும் என்று காட்டியது. எப்படி என்று காட்டவில்லை. விளைவை மட்டும் காட்டுவது வேறு, துறை தெரிந்த ஒருவர் அதைத் தானே செய்துகொள்ளும் அளவுக்குக் காட்டுவது வேறு. "கறுப்பு அடித்த வலை" என்ற உங்கள் பதில் வலையை வெளியே விட்டது, ஆனால் வலை முன்பே பழையதுதான். தலைப்பட்டை இந்த இரண்டிலும் இல்லை. வீடியோவை ஒரு ஃபிரேம் விடாமல் பார்த்து, கழற்றும்போது உள்பக்கம் எங்கேனும் விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

எனக்குக் கவலை தருவது நாடகக்காரர். முகமூடி அவர் கையில் இரண்டு நாள் இருந்தது, உள்ளே பார்த்திருப்பார். பார்வையாளர்கள் கண்ணில் படவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, எக்பர்ட் எதிர் லிப்மேன். பெண்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டும் கார்செட்டுக்கான எஃகுப் பட்டைகளைக் கண்டுபிடித்தவர் 1855-இல் அவற்றைத் தன் தோழிக்குக் கொடுத்தார். பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தது 1866-இல். ஆடைக்குள் ஒளிந்திருந்த பொருளை வெளியே ஒருவரும் பார்த்திருக்க வழியில்லை. ஆனாலும் ரகசியம் காக்கச் சொல்லாமல் ஒருவருக்குப் பயன்படுத்தக் கொடுத்தாலே அது பொதுப் பயன்பாடு என்று உச்ச நீதிமன்றம் 1881-இல் சொல்லி, பேட்டன்ட்டைச் செல்லாததாக்கியது. ஐரோப்பாவிலும் ரகசியக் கட்டுப்பாடு இல்லாத ஒரே ஒருவர் கைக்குப் போனால் போதும், பொதுவில் வந்ததாகத்தான் வாதம் எழும். ஆகவே அவரிடம் கொடுத்தபோது என்ன பேசிக்கொண்டீர்கள் என்பது முக்கியம். யாரிடமும் காட்டாதே என்று உண்மையிலேயே சொல்லியிருந்தால், அதை இன்றைய தேதியிட்டு அவரிடம் எழுதி வாங்குங்கள். பழைய தேதி போட்டு ஒப்பந்தம் தயாரிக்கும் யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அது பொய்ச் சான்று, இருக்கிற நல்ல வழக்கையும் கெடுத்துவிடும்.

சொந்த வெளியீட்டை மன்னிக்கும் காலம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஓராண்டு. ஜப்பானிலும் ஓராண்டு, ஆனால் அந்த ஓராண்டுக்குள் ஜப்பானிலேயே விண்ணப்பம் அல்லது பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகப் போடும்) சர்வதேச விண்ணப்பம் போயிருக்க வேண்டும். வேறு நாட்டில் முதலில் போட்ட தேதியைக் காட்டித் தப்ப முடியாது. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஐரோப்பியப் பேட்டன்ட்டில் இப்படிப் பொதுச் சலுகையே கிடையாது. இந்தியாவில் அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில சூழ்நிலைகளுக்கு 12 மாதம் உண்டு, நீங்களே போட்ட வீடியோ அதில் அடங்காது. ஜெர்மனியில் பேட்டன்ட்டுக்குத் தம்பி மாதிரி "பயன்பாட்டு மாதிரி" என்று ஒரு பதிவு இருக்கிறது. அதிகபட்சம் 10 ஆண்டு, பதிவின்போது புதுமையைப் பரிசோதிப்பதில்லை, சொந்த வெளியீட்டுக்கு 6 மாதச் சலுகை. வீடியோவுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது என்பதால் அங்கே உங்களுக்கு இருப்பது இரண்டே மாதம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லா நாட்டிலும் போட வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். முதல் விண்ணப்பத்தை ஒரு நாட்டில் போட்டுவிட்டால், பாரிஸ் உடன்படிக்கைப்படி மற்ற நாடுகளுக்கு 12 மாத அவகாசம், மேலே சொன்ன ஜப்பான் நிபந்தனை மட்டும் தனி. இந்தியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் தற்காலிக விண்ணப்பம் என்ற வழியும் உண்டு, முதலில் தேதியைப் பிடித்துவிட்டு முழு விண்ணப்பத்தைப் பிறகு போடலாம். அதை ஒப்புக்கு ஒரு பக்கம் எழுதிப் போடாதீர்கள். அதில் இல்லாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. இந்த வாரமே ஒரு பேட்டன்ட் முகவரைப் பாருங்கள். நிறுவனம் உங்கள் முறையைத் தன் பெயரில் விண்ணப்பித்தால் அவர்கள் கண்டுபிடித்தவர்கள் அல்ல என்று எதிர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். உங்கள் தேதி முந்தியிருந்தால் அந்தச் சண்டையில் பாதி தீர்ந்தது.

அப்புறம் நண்பர். அவரைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், பிறகு பெரிதாகக் கூடிய விஷயம் அதுதான். களிமண்ணில் வடித்தவர் அவர் என்றால், எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாத வரை அந்தச் சிற்பத்தின் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் அவருக்குத்தான். கூலி கொடுத்தேன் என்பதால் மட்டும் மாறாது. உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக எழுத்தில் கையெழுத்து வேண்டும். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: வலையை இறகு வரிக்குள் மறைக்கலாம் என்ற யோசனை யாருடையது? அது அவருடையது, கோரிக்கையிலும் வருகிறது என்றால் அவரும் கண்டுபிடித்தவர், விண்ணப்பத்தில் பெயர் இருக்க வேண்டும். அமெரிக்காவில் கூட்டு உரிமையாளர் ஒருவர் மற்றவரைக் கேட்காமலே உரிமம் கொடுத்துவிடலாம். இந்தியாவில் சம்மதம் வேண்டும். ஆகவே பங்கு எவ்வளவு, யார் பேசுவது என்பதை நிறுவனத்தோடு உட்காருவதற்கு முன் நீங்கள் இருவரும் எழுதி முடியுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் இந்தப் பேச்சு சுலபம்.

ஆந்தை முகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் முகமூடி பதிப்புரிமைக்கு உரிய சிற்பம்தான். பன்றி, யானை, கிளி மூக்கு முகமூடிகள் பற்றி 1990-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அவற்றுக்குத் தோற்றத்தைத் தவிர வேறு பயன் இல்லை, ஆகவே பாதுகாப்பு உண்டு என்றது. பிரிட்டனில் காற்று வேறு பக்கம் அடித்தது. ஸ்டார் வார்ஸ் வீரர்களின் தலைக்கவசம் சிற்பம் அல்ல, படப்பிடிப்புக்கான பயன்பாட்டுப் பொருள் என்று 2011-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடியதைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50-க்கு மேல் அடித்துவிட்டால் பதிப்புரிமையே போய்விடும். வீடியோவில் முகம் வெளியாகிவிட்டதால் அங்கே வடிவமைப்புப் பதிவும் இனிக் கடினம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் வடிவமைப்புக்கு ஓராண்டுச் சலுகை இருப்பதால் ஆந்தை முகத்தை அங்கே இன்னும் பதியலாம்.

இனி நிறுவனம். 1968-இல் இங்கிலாந்தில் வந்த கோகோ எதிர் கிளார்க் வழக்கில் மனுதாரர் ஏறக்குறைய உங்கள் நிலையில்தான் இருந்தார். மொபெட் எஞ்சின் ஒன்றை வடிவமைத்து ஒரு நிறுவனத்தோடு பேசினார். பேச்சு முறிந்தது. நிறுவனம் சொந்தமாக எஞ்சின் கொண்டுவந்தது. ரகசிய மீறலுக்கு மூன்று வேண்டும் என்று நீதிபதி வகுத்தார்: தகவலுக்கு ரகசியத் தன்மை இருக்க வேண்டும், ரகசியம் காக்கும் கடமை உண்டாகும் சூழலில் கொடுத்திருக்க வேண்டும், அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் இல்லை. உங்கள் கைச்சீட்டு இரண்டாவதற்குச் சான்று. பார்சல் ரசீது, சீட்டின் மூலப் படக் கோப்பு, மாதிரி கேட்டு அவர்கள் அனுப்பிய செய்தி, சிங்க முகம் பற்றி எழுதியது எதையும் அழிக்காதீர்கள். கோகோவுக்குத் தற்காலிகத் தடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகவல் உண்மையில் ரகசியமானதுதான் என்று அவரால் காட்ட முடியவில்லை. உங்களிடமும் ரகசியம் என்று வாதாடக்கூடியது தலைப்பட்டை மட்டும்தான், வலை அல்ல. நாடகக்காரர் விஷயம் இங்கேயும் குறுக்கே வரும்.

குழந்தைகள் அளவு என்றதும் ஒப்பந்தத்தில் இன்னொரு பத்தி சேர்கிறது. ஐரோப்பாவின் பொம்மைப் பாதுகாப்புத் தரமான இஎன் 71-1-இன்படி, காற்றுப் புகாத பொருளில் தலையை மூடும் பொம்மைக்குக் குறைந்தது 1300 சதுர மி.மீ. காற்றுவழி வேண்டும், அதுவும் 150 மி.மீ. இடைவெளி விட்ட இரண்டு துளைகளாவது இருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான ஒரே திறப்பு. முகமூடி தீப்பற்றும் வேகத்துக்கு இஎன் 71-2-இல் தனிச் சோதனை இருக்கிறது. பெரியவர் முகமூடியைச் சுருக்கினால் துளைகளும் சேர்ந்து சுருங்கும். சோதனைச் செலவும் விபத்துப் பொறுப்பும் தயாரிப்பாளருடையது என்று எழுத வையுங்கள். அட்டைப்பெட்டியில் "முழுத் தெளிவாகப் பார்க்கலாம்" என்று போட விடாதீர்கள். முகத்துக்கு நேரே விளக்கு அடித்தால் வலையின் உள்பக்கமும் வெளிச்சமாகி எதிரே இருப்பது மங்கிவிடும், பக்கவாட்டிலும் தெரியாது. படிக்கட்டில் ஒரு பிள்ளை விழுந்தால் அந்த வாசகம்தான் முதல் ஆவணமாக வரும். "வண்டி ஓட்டும்போது அணியாதீர்" என்பதும் வேண்டும். ஜெர்மனியில் அடையாளம் தெரியாதபடி முகத்தை மூடிக்கொண்டு வாகனம் ஓட்டுவதே அபராதத்துக்கு உரிய விதிமீறல். ஆனால் எச்சரிக்கை அச்சடித்துவிட்டால் வடிவமைப்புக் குறை மறைந்துவிடாது.

நிறுவனத்துக்கு இப்போது அனுப்ப வேண்டியது வக்கீல் நோட்டீஸ் அல்ல, மூன்று வரிக் கடிதம். மாதிரி ரகசியமாகக் கொடுக்கப்பட்டது, உள் அமைப்பைப் பயன்படுத்த அனுமதி தரப்படவில்லை, உரிமத் தொகை பற்றிப் பேசத் தயார், பேசும் வரை மாதிரியைத் திருப்பி அனுப்பவும். தலைப்பட்டை எப்படி வேலை செய்கிறது என்று அதில் விளக்காதீர்கள். விண்ணப்ப எண் கைக்கு வந்த மறுநாள் இதை அனுப்புங்கள், அதற்கு முன் வேண்டாம்.