பாற்பல்லை ஆகஸ்டில் ஊரில் பிடுங்கலாமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே: திருகோணமலையிலிருந்து லண்டன் வந்து ஏழு மாதம். மகளுக்குப் பதினொன்றரை வயது. மேல் வரிசையில் வலப்பக்க வேட்டைப்பல் முளைத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, இடப்பக்கம் பாற்பல் அசையாமல் நிற்கிறது. இங்கே டென்டிஸ்ட் கிடைப்பது பெரும்பாடு. ஆகஸ்டில் ஊருக்குப் போகும்போது அதைப் பிடுங்கி, கிளிப்பும் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா?

கிளிப் வேண்டவே வேண்டாம். பிடுங்குவது, எக்ஸ்ரே பார்க்காமல் வேண்டாம். ஆனால் ஆகஸ்ட் வரை சும்மா இருக்கவும் வேண்டாம்.

நான் சும்மா இருந்து பட்டவள். மூத்தவனுக்கு இதே கதைதான். "வரும் பிள்ளை, அவன்ட தகப்பனுக்கும் பிந்தித்தான் முளைச்சது" என்று திருகோணமலை உவர்மலையிலிருந்து அம்மா சொல்ல, நானும் விட்டுவிட்டேன். இந்தக் கோளாறு பரம்பரையிலும் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா சொன்ன அந்த ஆறுதலே ஓர் அறிகுறி! பதின்மூன்று வயதில் படம் எடுத்தபோது பல் மேலண்ணத்துக்குள் சரிந்து கிடந்தது. அதன் நுனி பக்கத்து வெட்டும் பல்லின் வேரில் முட்டி, அந்த வேரைக் கொஞ்சம் கரைத்தும் இருந்தது. வலி ஒன்றும் இல்லை, அதனால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் சிக்கிக்கொள்வது இந்த மேல் வேட்டைப்பல்தான். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். சாதாரணமாகப் பதினொன்று, பன்னிரண்டில் வெளியே வரும். ஆனால் பத்து வயதிலேயே மேலுதட்டைத் தூக்கி, பாற்பல்லுக்கு மேலே முரசில் (ஈறில்) விரலை வைத்தால் ஒரு புடைப்புத் தட்டுப்பட வேண்டும். இன்றிரவு மகள் பல் விளக்கும்போது இடப்பக்கம் தடவிப் பாருங்கள். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் டென்டிஸ்டிடம் அதை அப்படியே சொல்லுங்கள். தட்டுப்பட்டாலும், ஒரு பக்கம் வந்து இவ்வளவு நாளாகியும் மறுபக்கம் வராததே எக்ஸ்ரே கேட்கப் போதுமான காரணம்.

பாற்பல்லைப் பிடுங்கும் யோசனை தப்பில்லை. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், சுவீடனின் பல் வைத்திய ஆய்வாளர்கள் எரிக்சனும் குரோலும் பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் அதைத்தான் செய்து பார்த்தார்கள். மேலண்ணப் பக்கம் விலகிப் போய்க்கொண்டிருந்த 46 வேட்டைப்பற்களில் 36 நேர்வழிக்குத் திரும்பின. ஆனால் பல் எங்கே கிடக்கிறது, வர இடம் இருக்கிறதா என்று படத்தில் பார்த்துத்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் ஒரு வருடமளவுக்குக் கவனித்து, திரும்பவில்லை என்றால் அடுத்ததைச் செய்ய ஆள் வேண்டும். மூன்று கிழமை லீவில் போகிறவர்களுக்கு அதெல்லாம் முடியுமா?

கிளிப்பும் அதே கணக்கு. அது பெரும்பாலும் இரண்டு வருடமளவு எடுக்கும் வேலை, மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இறுக்க வேண்டும். ஊரில் போட்டுக்கொண்டு வந்தால், வேறொருவர் தொடங்கியதை இங்கே என்.எச்.எஸ். (அரச வைத்திய சேவை) டொக்டர் ஏற்பார் என்று நிச்சயமில்லை. ஊர் வைத்தியம் குறைவு என்று சொல்லவரவில்லை. நீங்கள் திரும்பிப்போய் அங்கேயே இருக்கப் போகிறவர்கள் என்றால் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, இங்கே என்ன வழி? 18 வயதுக்குள் என்.எச்.எஸ். பல் வைத்தியம் இலவசம், விசாவில் வந்த பிள்ளைக்கும்தான். கிளிப்புக்கு மட்டும் ஒன்று முதல் ஐந்து வரை படி வைத்துத் தேவையை அளப்பார்கள். முளைக்க முடியாமல் சிக்கிய பல் ஐந்தாம் படி, அதாவது உச்சம். ஆகவே பிரைவேட்டில் ஆயிரக்கணக்கான பவுண் கொட்டத் தேவையில்லை. போன் எடுக்கும்போது "குடும்பத்தோடு பதிய வேண்டும்" என்று கேட்காதீர்கள், "பிள்ளைக்கு மட்டும் இடம் இருக்கிறதா" என்று கேளுங்கள். பெரியவர்களை எடுக்காத சில இடங்களில் பிள்ளைகளை எடுப்பார்கள். பிறகு கிளிப் போடும் டொக்டரிடம் அனுப்பும் ரெஃபரல், பிறகு காத்திருப்பு. காத்திருப்பு நீளம்தான், அதனால்தான் இப்போதே வரிசையில் நில்லுங்கள் என்கிறேன்.

மூத்தவனுக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். முழு மயக்கம், காலையில் போய்ப் பின்னேரம் வீடு. முரசைத் திறந்து, பல்லில் ஒரு சின்ன வில்லையை ஒட்டி, அதிலிருந்து தங்கச் சங்கிலி ஒன்றை வெளியே விட்டுத் தைத்துவிட்டார்கள். தலைமுடி மாதிரி மெல்லிசு. மறுமுனை கிளிப்பின் கம்பியில். பல் இறங்க இறங்க ஒவ்வொரு வளையமாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். வீடியோவில் பார்த்த அம்மா கேட்டா, "எத்தனை பவுண்?" நான் காசைக் கேட்கிறா என்று நினைத்து "இலவசம் அம்மா" என்றேன். "தங்கத்தைச் சும்மா குடுக்கிறாங்களோ!" முழுதும் முடிய இரண்டேகால் வருடம்.

இடையில் ஊருக்குப் போனோம். பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துக்கொண்டே கச்சான் கொறித்தான், கம்பி கழன்று கன்னத்தில் குத்தியது. டவுனில் ஒரு பல் டொக்டர் குத்திய நுனியை நறுக்கிவிட்டார், காசும் வாங்கவில்லை. "ஒட்டுறதை உங்கட டொக்டரே ஒட்டட்டும்" என்றார். சரியான மனுஷன்.

பாற்பல்லை இங்கே பிடுங்க நேர்ந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். விழுந்த பல்லைக் கொடுத்துப் புதுப்பல் கேட்க லண்டனிலும் அணில் இருக்கிறதுதான், ஆனால் மகள் அதை ஆகஸ்டில் கொண்டுபோய் அம்மம்மா வீட்டு ஓட்டிலேயே எறியட்டும்.