மிக்ஸி சத்தத்தில் தியானம்

கேள்வி: ஓராண்டாகக் காலை ஐந்தரை மணிக்கு இருபது நிமிடம் தியானத்தில் உட்காருகிறேன். பதஞ்சலி யோக சூத்திரமும் உரையோடு படிக்கிறேன். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டில் மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும். எத்தனை தடவை சத்தம் போட்டாலும் மனைவி கேட்பதில்லை. குடும்பஸ்தனுக்கு யோகம் கைகூடாதா? பத்து நாள் ஆசிரமத்துக்குப் போய் வரலாமா? கத்திரிக்காயை விட்டுவிட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: ‘சத்தம் போட்டாலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஆக, ஐந்தரை மணிக்கு உங்கள் வீட்டில் கேட்பது இரண்டு சத்தம். ஒன்று மிக்ஸியுடையது. ஒன்றரை நிமிடத்தில் சட்னியை அரைத்துவிட்டு ஓய்ந்துவிடும். இன்னொன்று உங்களுடையது. அது எத்தனை மணிவரை ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை.

சட்னி யாருக்கு? ஏழேகாலுக்கு ராணிப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடிதத்தில் வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். டிபன் பாக்ஸ் தானாக நிறைந்துகொள்ளாது.

யோக சூத்திரம் படிப்பவர் என்பதால் அதிலிருந்தே வருகிறேன். முதல் பாதத்தில், அதாவது முதல் அத்தியாயத்தில், இடையூறுகள் என்று பதஞ்சலி ஒன்பதை அடுக்குகிறார்: நோய், மனமந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், புலனாசை, தப்பாகப் புரிந்துகொள்வது, நிலை எட்டாமை, எட்டிய நிலையில் நிற்க முடியாமை. ஒன்பதும் உட்கார்ந்திருக்கும் ஆளிடமே இருப்பவை. பக்கத்து வீட்டு ரேடியோவோ கட்டிய மனைவியோ அந்தப் பட்டியலில் இல்லை.

‘ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் தனியிடம் வேண்டுமென்று இருக்கிறதே’ என்று நீங்கள் மடக்கலாம். இருக்கிறது. சின்ன வாசல், ஜன்னல் கிடையாது, சுத்தமாக மெழுகிய குடில் என்று அதை எழுதிய சுவாத்மாராமர் விவரமாகவே சொல்கிறார். சரி, தனியே இருந்து பழகுகிறவனுக்கு அது பொருந்தும். பிள்ளைகளும் வீட்டுக் கடன் தவணையும் உள்ளவர் அந்தக் குடிலை அடுப்படிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, அடுப்படியை வாயை மூடச் சொன்னால் என்ன நியாயம்?

யோகத்தின் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. முதலாவது இயமம், அதாவது நடத்தைக் கட்டுப்பாடு, அதிலும் முதல் சொல் அகிம்சை. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே வரிசையில்தான் போகிறார். நீங்கள் ஆறு படியைத் தாண்டிக் குதித்து ஏழாவதில் சம்மணம் போட்டிருக்கிறீர்கள்.

படி என்றதும் எனக்குச் சோளிங்கர்தான் ஞாபகம் வருகிறது. (இப்போது அது ராணிப்பேட்டை மாவட்டம், என் வயதுக்காரர்களுக்கு இன்னும் வட ஆர்க்காடுதான்.) பெரிய மலையில் யோக நரசிம்மர், 1,305 படி. சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், 406 படி. ரோப் கார் வருவதற்கு முன்னால் ஒரு கார்த்திகை ஞாயிறன்று பெரிய மலை ஏறினேன். பாதி வழியில் ஒரு குரங்கு என் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மண்டபத்து மேலே போய் உட்கார்ந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பினார். கூடையிலிருந்த நாலு வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்து நீட்டினார். குரங்கு கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டது. “சாமிக்கு மூணு போதும்” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஏறினார். முட்டியைச் சுற்றி யோகப்பட்டம் கட்டி அமர்ந்திருக்கும் பெருமாளை நான் கீறல் விழுந்த கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். கார்த்திகையில் அவர் கண் திறந்திருப்பார் என்பது நம்பிக்கை. என்னை நன்றாகவே பார்த்திருப்பார்.

அந்தத் தலத்துக்குத் திருக்கடிகை என்று பெயர். கடிகை என்றால் நாழிகை, 24 நிமிடம். அவ்வளவு நேரம் அங்கே இருந்தாலே முக்தி என்பார்கள். விசுவாமித்திரர் ஒரு கடிகை நேரம் வழிபட்டு பிரம்மரிஷி ஆனார் என்பது தலபுராணம். நமக்கு இன்னும் நாலு நிமிடம்தான் பாக்கி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். நெடுங்காலம் சேர்த்த தவத்தை, ரம்பையைச் சபித்த ஒரு கோபத்தில் தொலைத்தவர் அவர். இனிக் கோபப்பட மாட்டேன், வாயே திறக்க மாட்டேன் என்று தீர்மானித்து முதலிலிருந்து தொடங்கியதாக ராமாயணம் சொல்கிறது. ரம்பையாவது தவத்தைக் கலைக்கவே வந்தவள். உங்கள் வீட்டில் சட்னி அரைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆசிரமத்துக்குப் போய் வாருங்கள், தப்பில்லை. பத்து நாளும் அங்கே வேறு யாரோ சமைப்பார்கள். பதினோராம் நாள் காட்பாடியில் அதே மிக்ஸி இருக்கும்.

அதற்குள் ஒன்று செய்து பாருங்கள். ஐந்து மணிக்கே எழுந்து தேங்காயைத் துருவி, பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் சேர்த்து ஜாரில் போட்டு வையுங்கள். அப்புறம் உட்காருங்கள். மிக்ஸி ஓடும்போது சத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ‘மறுபடியுமா!’ என்று உள்ளே ஒன்று எழுகிறதே, அதைப் பாருங்கள். சித்த விருத்தி, மனதின் ஓட்டம் என்று உரையில் படித்திருப்பீர்களே, அந்தச் சமாச்சாரம் இதுதான். மிக்ஸி நின்ற பிறகு அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றும் கவனியுங்கள். நீண்ட காலம், இடைவிடாமல், மரியாதையோடு என்று பயிற்சிக்குப் பதஞ்சலி மூன்று நிபந்தனை வைக்கிறார். ஓராண்டு விடாமல் உட்கார்ந்ததற்கு முதல் இரண்டிலும் உங்களுக்கு மார்க் போடலாம். அந்த மரியாதையில் கொஞ்சம் சமையலறைக்கும் போகட்டும்.

கத்திரிக்காயா? யோக சூத்திரத்தின் 196 சூத்திரங்களில் காய்கறிப் பேச்சே கிடையாது. வைத்தியர் பத்தியம் சொல்லியிருந்தால் அது வேறு. மற்றபடி, புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்திரிக்காய் விளைகிற வேலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை விடுவதாவது! தாராளமாகச் சாப்பிடுங்கள். நறுக்கிக் கொடுப்பது மட்டும் நீங்கள்.