'ப்ளீஸ் ரிவர்ட்' என்றால் பதில் வருமா?

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதும் வேலை எனக்கு. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதினால் பதில் விறைப்பாக வருகிறது. 'ப்ளீஸ் ரிவர்ட்' என்றதற்கு, ஒருவர் தான் செய்திருந்த மாற்றத்தையே நீக்கிவிட்டார். என்ன தவறு?

பதில்: இலக்கணம் சரிதான், சிக்கல் சொல்லில். தெரியாததைக் கேட்பதும் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம் என்று தமிழில் ஒரே சொல்லால் சமாளிக்கிறோம். 'சார், ஒரு டவுட்' என்ற வகுப்பறைப் பழக்கம் அப்படி வந்ததுதான். அமெரிக்கர் காதில் 'டவுட்' என்றால் பெரும்பாலும் அவநம்பிக்கை. 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் இன்வாய்ஸ்' என்றால், உங்கள் பில்லை நம்பவில்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடும். 'க்வெஸ்சன்' என்று மாற்றுங்கள், போதும்.

'ரிவர்ட்' என்பதற்கு அங்கே பழைய நிலைக்குத் திரும்புதல் என்று பொருள். மென்பொருள்காரர்களிடம் இன்னும் ஆபத்து. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்க அவர்கள் பயன்படுத்தும் 'கிட்' (Git) என்ற மென்பொருளில் 'ரிவர்ட்' என்றொரு கட்டளையே இருக்கிறது. முன்பு செய்த மாற்றத்தை ரத்துசெய்வதுதான் அதன் வேலை. உங்கள் வாடிக்கையாளர் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்! பதில் வேண்டுமானால் 'ப்ளீஸ் ரிப்ளை' அல்லது 'லெட் மீ நோ'. சிங்கப்பூர், மலேசியாவுக்கு எழுதும்போது 'ரிவர்ட்' இருந்தாலும் புரிந்துகொள்வார்கள்.

கூட்டத்தை முன்கூட்டியே வைக்க 'ப்ரீபோன்' என்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்த சொல், நம் ஊருக்குள் தாராளமாக எழுதலாம். வெளியே பலருக்குத் தெரியாது. வேறு சொல் தேடுவதைவிட இரண்டு நாளையும் சொல்லிவிடுங்கள்: 'கேன் வி மூவ் த மீட்டிங் ஃப்ரம் தர்ஸ்டே டு டியூஸ்டே?'

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கெடு விஷயத்தில் அதிகம் குழப்புவது 'பை', 'அன்ட்டில்' இரண்டும்தான். 'ஐ வில் செண்ட் த ரிப்போர்ட் அன்ட்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று பொருள். எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'வெள்ளிக்குள்' என்று வந்தால் 'பை ஃப்ரைடே'. 'வெள்ளி வரை' என்று வந்தால் 'அன்ட்டில் ஃப்ரைடே'. 'வெள்ளி வரைக்கும் டைம் குடுங்க' என்பது 'கிவ் மீ அன்ட்டில் ஃப்ரைடே' என்று அப்படியே பொருந்தும். கிழமைக்குப் பதில் நாள் கணக்கு வந்தால், அதாவது 'இரண்டு நாளுக்குள்' என்றால், 'பை' உதவாது. 'விதின் டூ டேஸ்' என்று எழுத வேண்டும்.

பயோடேட்டாவில் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2021' என்று இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். 2021-இல் மயங்கி விழுந்தேன் என்றுதான் அமெரிக்கர் படிப்பார். 'கிராஜுவேட்டட் இன் 2021' என்று எழுதுங்கள்.