லைனிங் டக்ட்டில் ஜாயின்ட் ஏன் சொட்டுகிறது? வாசகர் கேள்விகள்

கே: தண்டையார்பேட்டையில் ஏசி கல்யாண மண்டபம். குளிர்காற்று போகும் தகர டக்ட்டுக்குள்ளே 25 மி.மீ. கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) லைனிங். காற்று எங்கும் கசியவில்லை. ஆனால் துண்டுகள் சேரும் ஃபிளேஞ்ச் (வெளியே நீட்டிய விளிம்பு) ஜாயின்ட்டில் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது. சீலன்ட் இன்னொரு கோட் அடிக்கலாமா?

ப: அடித்தாலும் சொட்டும். சீலன்ட் காற்றை அடைக்கும், குளிரை அடைக்காது. உள்ளே இரண்டு பக்க லைனிங்கும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். 13 டிகிரி காற்று அந்தச் சந்தில் நேராகத் தகரத்தில் பட்டு, வெளியே நீட்டி நிற்கிற ஃபிளேஞ்சும் சில்லிட்டுப் போகிறது. நம் கடலோரக் காற்றில் 24, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தத் தகரமும் பல மாதங்களுக்கு வேர்க்கத்தான் செய்யும்.

தப்பு டக்ட் செய்யும் ஷாப்பிலேயே ஆரம்பிக்கிறது. லைனிங்கை ஃபிளேஞ்ச் முகத்துக்குச் சமமாக வெட்டுகிறார்கள். பார்க்க நேர்த்திதான். ஆனால் நடுவில் வரும் கேஸ்கெட் (காற்று கசியாமல் அடைக்கும் பட்டை), போல்ட்டை முறுக்கிய பிறகும் 2, 3 மி.மீ. கனம் நிற்கும். உள்ளே அவ்வளவு சந்து விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் லைனிங் முகத்தைத் தாண்டி 1, 2 மி.மீ. நீண்டிருக்கட்டும். வெட்டிய முனை இரண்டிலும் லைனிங் பசையைத் தாராளமாகத் தடவுங்கள். கேஸ்கெட் ஃபிளேஞ்சின் மேல் மட்டும்தான், பஞ்சின் மேல் ஏறக்கூடாது. மூலைகளில் சீலன்ட் வைத்து, நாலு போல்ட்டையும் முதலில் கையால் மாட்டி, எதிரெதிர் மூலையாக முறுக்கி, அப்புறம் கிளீட் (இரண்டு ஃபிளேஞ்சையும் கவ்வும் தகரப் பட்டை) அடியுங்கள். ஜாக்கிரதை என்று 5, 6 மி.மீ. நீட்டிவிட்டால் போல்ட் இழுக்காது. இழுத்தாலும் பஞ்சு உள்பக்கம் மடங்கும்.

ஏற்றி முடித்த டக்ட்டைக் கழற்ற வழியில்லை என்றால், ஃபிளேஞ்சின் மேல் 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட்டை இருபுறமும் 75 மி.மீ. வரும்படி சுற்றி, ஓரத்தில் சந்து விடாமல் ஒட்டுங்கள். சொட்டு நிற்கும். உள்ளே லைனிங் முனை காற்றில் பிய்வது நிற்காது.

கே: பெரம்பூரில் ஒரு ஆபீஸ். ஏசி காற்று வெளிவரும் கிரில்லில் பஞ்சுத் தூள் வந்து விழுகிறது.

ப: முதலில் ஏஹெச்யூவுக்கு (காற்றைக் குளிர்வித்து டக்ட்டுக்குள் தள்ளும் யூனிட்) அடுத்த துண்டைத் திறந்து பாருங்கள். லைனிங் இல்லாத டக்ட் முடிந்து லைனிங் தொடங்கும் இடத்தில் முனையை மூடித் தகர மடிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்று அந்த முனையைத்தான் முதலில் தூக்கும். பிறகு பின்களைப் (லைனிங்கைப் பிடிக்க உள்ளே தகரத்தில் வெல்ட் செய்யும் ஆணிகள்) பாருங்கள். காற்று வரும் பக்கத்து ஓரத்திலிருந்து 75 மி.மீ.க்குள் முதல் வரிசை இருக்க வேண்டும். அங்கிருந்து குறுக்கே 300, நீளத்தில் 450 மி.மீ.க்கு மேல் இடைவெளி போகக்கூடாது. பின் நீளம் லைனிங் கனத்துக்கேற்ப இருக்கட்டும். குட்டைப் பின்னில் வாஷர் பஞ்சை அமுக்கி, சுற்றிலும் டிஷ்யூவை (பஞ்சின் மேல் ஒட்டிய மெல்லிய உறை) கிழிக்கும். பசையே பிடித்துக்கொள்ளும், பின் எதற்கு என்பவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள்.

கே: ராயபுரம் வேலை. டிராயிங்கில் 600×300 என்று இருக்கிறது. ஷீட்டை அதே அளவில் போடலாமா?

ப: அது காற்று போகும் உள்ளளவா, தகர அளவா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உள்ளளவு என்றால் 25 மி.மீ. லைனிங்குக்குத் தகரம் 650×350 வேண்டும். 600×300 தகரத்துக்குள் லைனிங் போட்டால் மிஞ்சுவது 550×250. பரப்பு சுமார் 24 சதவீதம் குறையும். அதே காற்றைத் தள்ள வேகம் 31 சதவீதம் ஏறும். சத்தத்தைக் குறைக்கப் போட்ட லைனிங்கே சத்தத்துக்குக் காரணமாகிவிடும்.

கே: எண்ணூரில் டக்ட்டின் வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் துரு.

ப: புள்ளிகள் பின் வரிசையிலேயே இருந்தால், வெல்டில் பின்புறத் துத்தநாகப் பூச்சு எரிந்திருக்கிறது. உப்புக்காற்று அதைத் தேடிப் பிடிக்கும். தேய்த்துத் துத்தநாக பெயின்ட் அடியுங்கள்.

கே: ஃபயர் டேம்பர் (தீப்பிடித்தால் டக்ட்டை அடைக்கும் பிளேடு) உள்ள ஜாயின்ட்டில் லைனிங்கைத் தொடர்ந்து போடலாமா?

ப: கூடாது. டேம்பருக்கு இருபுறமும் லைனிங்கை நிறுத்தி, முனையைத் தகர மடிப்பால் மூடுங்கள். பிளேடு எதிலும் உரசாமல் முழுசாக மூடுகிறதா என்று ஒருமுறை விடுவித்துப் பாருங்கள்.

கே: வியாசர்பாடி சைட்டில் டக்ட் துண்டுகள் மழைநீரில் ஊறிவிட்டன. காயவைத்து ஏற்றலாமா?

ப: தகரத்தைக் கழுவிக் காயவைக்கலாம். ஊறிய கிளாஸ்வூலைப் பிய்த்துப் போட்டுப் புது லைனிங் ஒட்டுங்கள். மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.